வாளியைக் கீழே வையுங்கள்: கைவிடப்பட்ட குதிரை, மாடு, ஆடுகளை மீட்டுத் தேற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஒரு குதிரை நிற்கிறது. இடுப்பெலும்பு இரண்டும் துணி மாட்டும் ஆணி மாதிரி துருத்திக்கொண்டிருக்கின்றன. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் கை பரபரக்கும். ஒரு வாளி நிறையத் தானியம் கொண்டுவந்து வைப்பார்கள். குதிரையும் தலையைத் தூக்காமல் தின்று தீர்க்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கால் பின்னி விழும், பிறகு எழாது. பட்டினியில் செத்துவிட்டது என்பார்கள். அதைக் கொன்றது அந்த வாளி.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். அதனால் இந்த வழிகாட்டியில் 'பொறுங்கள்' என்ற சொல் அடிக்கடி வரும். மீட்பு வேலையில் இரக்கம் யாருக்கும் குறைவாக இருப்பதில்லை. ஆறப் பொறுக்காததுதான் சிக்கல்.

கொண்டுவருவதற்கு முன்னால்

கைவிடப்பட்டது போலத் தெரியும் விலங்குக்குப் பெரும்பாலும் எங்கோ ஓர் உரிமையாளர் இருப்பார். சட்டத்தின் கண்ணில் குதிரையும் மாடும் சொத்து. வேலியைத் தாண்டி ஓட்டிவந்தால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது திருட்டாகிவிடும். வழக்கு உங்கள் மேல் திரும்பும், விலங்கு பழைய இடத்துக்கே போய்ச்சேரும். ஆகவே முதலில் காவல்துறைக்கோ விலங்கு நலத்துக்குப் பொறுப்பான அரசு அலுவலகத்துக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். காது வில்லை, சூட்டுக்குறி, தோலுக்கடியில் மைக்ரோசிப் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. விலங்கின் நான்கு பக்கமும், நான்கு குளம்பும், காயங்கள் கிட்டத்திலும் தூரத்திலும், காய்ந்து கிடக்கும் தண்ணீர்த் தொட்டி, தீவனம் இல்லாத தரை, வேலியில் தொங்கும் கம்பி, எல்லாம் தேதியோடு வேண்டும். காயத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். கால்நடை மருத்துவர் முதல் நாளிலேயே பார்த்து எழுதிக் கையெழுத்திட்ட குறிப்புக்கு இணையான சான்று வேறு எதுவும் இல்லை. பத்து நாள் தின்று தேறிய பிறகு அந்த முதல் நாள் நிலையை யாராலும் நிரூபிக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைவிட்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் இல்லை. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர், வேலை போனவர், குதிரை வாங்கினால் குளம்பும் வெட்ட வேண்டும் என்றே தெரியாதவர், இப்படித்தான் பல பேர். அவர்களிடம் சண்டை போடாமல் பேசினால், உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடலாம். சில இடங்களில் ஒரு மாதத் தீவனமும் ஒரு மருத்துவர் வருகையும் போதும், விலங்கை இடம் மாற்றவே வேண்டியிருக்காது.

பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குதிரை 25, 30 ஆண்டு வாழும். கழுதை அதையும் தாண்டும். நடுத்தர அளவுக் குதிரை ஒன்று நாளுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் தின்னும், 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் குடிக்கும், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்த ஆள் வர வேண்டும். இரண்டை நன்றாக வைத்திருக்கக்கூடிய இடத்தில் இருபதை அடைத்தால் அதுவும் கைவிடுதல்தான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. குதிரைகளைத் தெரிந்த மருத்துவர், குளம்பு திருத்துபவர், தாழ்வான சாய்தளம் உள்ள வண்டி, மற்ற விலங்குகளுக்கு எட்டாத ஒரு தனிக் கொட்டில், இந்த நான்கும் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

களத்தில் முதல் அரைமணி நேரம்

தொடாமல் பத்து நிமிடம் தூரத்தில் நின்று பாருங்கள். எந்தக் காலில் எடை போடாமல் நிற்கிறது? மூச்சு விடும்போது மூக்குத் துளை விரிகிறதா? சாணம், இலத்தி எங்காவது கிடக்கிறதா, எப்படி இருக்கிறது? கூட்டமாக இருந்தால் எது மட்டும் ஒதுங்கி நிற்கிறது? கிட்டப் போனதும் பயத்தில் எல்லா விலங்கும் தலையைத் தூக்கிக் காதை நிமிர்த்திவிடும். உண்மையான நிலை அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியும்.

பிறகு அளவுகள். ஓய்வில் உள்ள வளர்ந்த குதிரைக்கு உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. மாட்டுக்கு வெப்பம் 38 முதல் 39.3, துடிப்பு 50 முதல் 80. ஆடுகளுக்கு வெப்பம் 39-ஐ ஒட்டியும் துடிப்பு 70 முதல் 90 வரையும் இருக்கும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் நீர்ச்சத்து வற்றியிருக்கிறது. குதிரையின் விலாப்புறத்தில் காதை வைத்துக் கேளுங்கள். குடல் உறுமிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே அமைதி நல்லதல்ல.

குதிரையின் உடல்நிலையை மதிப்பிடப் பல நாடுகளில் ஹென்னிகி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னிகி உருவாக்கி 1983-ல் வெளியிட்டது. 1 என்றால் வெறும் எலும்புக்கூடு, 5 நடுத்தரம், 9 உச்சகட்டப் பருமன். கழுத்து, தோள்மேடு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு), தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு முதுகு, வாலடி என ஆறு இடங்களைக் கையால் தடவி மதிப்பெண் போட வேண்டும். கண்ணால் பார்த்துப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். நோயாளிக் குதிரைக்கு ரோமம் உதிராமல் நீண்டு வளர்ந்துவிடும், அதற்கடியில் விலா ஒளிந்துகொள்ளும். வயிறு மட்டும் உப்பிப் பெரிதாகத் தெரிந்தால் கொழுப்பு என்று நினைக்காதீர்கள், அது புழுவாகவோ சினையாகவோ இருக்கலாம்.

எடை மேடை இல்லையென்றால் ஒரு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை செ.மீ.யில் எடுத்து அதை அதாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். சுற்று 160, நீளம் 145 என்றால் குதிரையின் எடை சுமார் 312 கிலோ. தீவனமும் மருந்தும் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான்.

படுத்துக்கிடக்கும் விலங்கைக் காலையோ வாலையோ தலைக்கயிற்றையோ பிடித்து இழுக்கவே கூடாது. மூட்டு நழுவும், நரம்பு அறும். முதுகுப்புறமாக நின்று, அகலமான பட்டையை உடலுக்கடியில் செலுத்தி, தார்ப்பாய் அல்லது பலகைமேல் வழுக்கி நகர்த்துங்கள். கால்புறம் யாரும் நிற்க வேண்டாம். மாடு, ஆடு எதுவானாலும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் முதலில் நிமிர்த்தி, நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைத்து வைக்கோல் கட்டால் முட்டுக்கொடுங்கள். அசைபோடும் விலங்கு சாய்ந்தே கிடந்தால் இரைப்பையில் வாயு சேர்ந்து மூச்சு முட்டிவிடும்.

செத்துவிட்டது என்று தூரத்திலிருந்தே முடிவுகட்டவும் வேண்டாம். அமெரிக்காவில் 1986-ல் தொடங்கப்பட்ட ஃபார்ம் சாங்க்சுவரி என்ற பண்ணை விலங்கு மீட்பு அமைப்பின் முதல் விலங்கு ஹில்டா என்ற செம்மறியாடு. பென்சில்வேனியாவில் ஒரு கால்நடைச் சந்தைக்குப் பின்னாலிருந்த பிணக்குவியலில் கிடந்தது. படம் எடுக்கப் போனவர்கள் பக்கத்தில் வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தது. மருத்துவரிடம் கொண்டுபோன பிறகு எழுந்து நின்று, மேலும் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தது.

வண்டியில்

குதிரையின் தலையை உயர்த்திக் கட்டாதீர்கள். தலையைத் தாழ்த்த முடிந்தால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியே வழியும். மணிக்கணக்கில் தலை மேலேயே இருந்தால் அது நுரையீரலுக்கு இறங்கி, இரண்டொரு நாளில் காய்ச்சல் வரும். தரையில் கனமாக வைக்கோல் பரப்புங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். கழுதை இரண்டு சேர்ந்திருந்தால் பிரித்து ஏற்றாதீர்கள். துணையைப் பிரிந்த கழுதை தின்பதை நிறுத்திவிடும், அதன் விளைவு என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

முப்பது நாள் தனிமை

வந்து இறங்கிய விலங்கு நேராகத் தனிக்கொட்டிலுக்குத்தான். குறைந்தது 21 நாள், முடிந்தால் 30. வாளி, மண்வெட்டி, தூரிகை, கயிறு எல்லாம் அதற்கென்று தனியாக இருக்கட்டும். ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்ப்பதாக இருந்தால் நலமான விலங்குகளை முதலிலும் புதிதாக வந்ததைக் கடைசியிலும் பாருங்கள். வரிசையை மாற்றினால் நீங்கள்தான் நோய் சுமக்கும் வண்டி.

காலையும் மாலையும் வெப்பம் பார்த்து எழுதுங்கள். குதிரைகளில் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோய்க்குத் தொற்றிய 3 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். மூக்கொழுகல் அதற்கு ஓரிரு நாள் கழித்துத்தான் தொடங்கும், மற்ற குதிரைகளுக்குப் பரவுவதும் அப்போதுதான். காய்ச்சல் ஏறிய அன்றே பிடித்துவிட்டால் ஒரு குதிரையோடு போகும், தவறவிட்டால் லாயம் முழுக்க இருமும். தொற்று ரத்தசோகைக்கு காகின்ஸ் பரிசோதனையும் கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடியது. மாடு, ஆடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருச்சிதைந்த ஆட்டின் அருகில் கர்ப்பிணிகள் போகவே கூடாது. ஆட்டின் உதட்டில் பொருக்குப் பொருக்காகப் புண் இருந்தால் கையுறை போட்டுத் தொடுங்கள், உங்கள் விரலிலும் அதே புண் வரும். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் வரும் என்பதால் காயத்தோடு வந்த குதிரைக்கு முதல் நாளே அதற்கான ஊசி.

பெண் விலங்கு என்றால் சினை பார்க்காமல் விடாதீர்கள். குதிரைக்குப் பதினொரு மாதம், கழுதைக்கு ஒரு வருடம், மாட்டுக்கு 283 நாள், ஆட்டுக்கு 150, பன்றிக்கு 114. வந்து பத்து மாதம் கழித்து ஒருநாள் விடிகாலையில் குட்டியோடு நிற்கும்.

தீவனம்: முதல் பத்து நாள்

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பட்டினி கிடக்கும் உடல் முதலில் கொழுப்பையும் பிறகு தசையையும் எரித்து நாளை ஓட்டுகிறது. அப்போது மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் சட்டென்று சுரக்கும். அது சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளும்போது பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஏற்கெனவே வற்றிப்போன உடலில் ரத்தத்தில் இருந்த கொஞ்சமும் காலியாகிவிடும். இதயமும் மூச்சுத் தசையும் சிறுநீரகமும் ஒவ்வொன்றாக நிற்கும். முதல் வயிறார உணவுக்கு 3 முதல் 5 நாள் கழித்துச் சாவு வருவது இதனால்தான். இரண்டாம் உலகப் போர் முடிவில் முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட கைதிகளில் பலர் இப்படித்தான் செத்தார்கள்.

பட்டினிக் குதிரைகளுக்கு எது பாதுகாப்பு என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கரோலின் ஸ்டல் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஓட்ஸ் உலர்புல் மட்டும், ஓட்ஸ் உலர்புல்லோடு கலப்புத் தீவனம், குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) உலர்புல் என மூன்று வகையாகக் கொடுத்துப் பார்த்ததில் குதிரைமசால் வென்றது. மாவுச்சத்து குறைவு, புரதமும் மெக்னீசியமும் பாஸ்பரஸும் கூடுதல். அவர்கள் தந்த அட்டவணை இது:

முதல் மூன்று நாள்: இலை மிகுந்த குதிரைமசால் உலர்புல் சுமார் 450 கிராம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. ராத்திரியும் சேர்த்து நாளுக்கு ஆறு வேளை, மொத்தம் 2.7 கிலோ.

நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை: ஒவ்வொரு வேளையும் அளவைக் கொஞ்சம் கூட்டி, வேளையைக் குறைத்துக்கொண்டே போகலாம். ஆறாம் நாள் வாக்கில் 8 மணிக்கொருமுறை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

பத்து நாளுக்குப் பிறகு: தின்கிற அளவுக்குப் புல், நாளுக்கு இரண்டு வேளையாக.

தானியம் இந்தப் பத்து நாளும் கிட்டவே வரக்கூடாது. வெல்லப்பாகும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனால், கையில் இருக்கும் அந்த ஒரு பிடிப் புல்லைக் குதிரை நாலே நிமிடத்தில் முடித்துவிட்டு உங்கள் சட்டையை முகரும். காலியான வாளியைக் காலால் உதைக்கும். தொண்டைக்குள்ளிருந்து ஒரு தாழ்ந்த கனைப்பு வரும். அந்தச் சத்தத்துக்கு மனம் இளகாமல் திரும்பி வருவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. கொட்டிலின் கதவில் ஒரு தாளை ஒட்டி, தந்த நேரத்தையும் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட வையுங்கள். ஐந்து பேர் மாறி மாறிப் பார்க்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு பிடி 'பாவம்' என்று போட்டால் அதுவே ஒரு வாளி ஆகிவிடும்.

எடை கூடுவது ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். பழைய உடம்பு திரும்ப 3 முதல் 5 மாதம் பிடிக்கும். உடல் எடையில் பாதியை இழந்த குதிரையும், எழ முடியாமல் 72 மணி நேரம் தாண்டிய குதிரையும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதை மருத்துவர் சொல்லும்போது அவர்மேல் கோபப்படாதீர்கள். படுத்த குதிரையை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போடுங்கள். அதன் எடையே அடிப்பக்கத் தசையை நசுக்கிக் கொன்றுவிடும்.

மாடும் ஆடும் வேறு கணக்கு. அவற்றின் இரைப்பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் புல்லைச் செரிக்கின்றன. பட்டினியில் அவை பெருமளவு செத்திருக்கும். அந்த நிலையில் மாவும் தானியமும் கொடுத்தால் இரைப்பை புளித்து அமிலமாகி ஒரே நாளில் விழுந்துவிடும். சுமாரான தரமுள்ள உலர்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்து பழக்குங்கள். அசைபோடுவது நின்றே போயிருந்தால், நலமான மாட்டின் இரைப்பை நீரைக் குழாய் வழியாக ஊட்டச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். பழைய வைத்தியம், இன்றும் நன்றாக வேலை செய்கிறது. தெருவில் திரிந்த மாடு எவ்வளவு புல் தின்றும் தேறவில்லை, இடது வயிறு மட்டும் மாவுமூட்டை போலத் தொட்டால் அழுந்துகிறது என்றால் உள்ளே பிளாஸ்டிக் பை உருண்டையாக இருக்கும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டும்.

கழுதையும் சின்னக் குதிரை இனங்களும் தின்னாமல் கிடந்தால் ஆபத்து வேறு திசையில் வரும். உடம்பிலுள்ள கொழுப்பு முழுக்க ரத்தத்தில் இறங்கி ஈரலை அடைத்துவிடும். பருமனான கழுதையைப் 'பட்டினி போட்டு இளைக்க வைக்கலாம்' என்பது கொலைதான். ஒரு நாள் தின்னாத கழுதைக்கு அன்றே மருத்துவர் வேண்டும். துணைக் கழுதை இறந்தால் உடலை உடனே எடுத்துவிடாமல் மற்றது முகர்ந்து பார்க்க விடுங்கள். தானாக விலகிப் போகும்வரை காத்திருங்கள்.

தண்ணீரிலும் ஒரு கண்ணி

தண்ணீர் இல்லாமல் கிடந்த பன்றிக்கு ஒரே மூச்சில் தொட்டி நிறையத் தண்ணீர் வைக்காதீர்கள். நீர் வற்றிய உடலில் உப்பு ஏறியிருக்கும், மூளையிலும்தான். திடீரென்று தண்ணீர் புகுந்தால் மூளை வீங்கி, வட்டமடித்து, வலிப்பு வந்து விழும். அரைமணிக்கொருமுறை கொஞ்சமாக, ஒரு நாள் முழுக்கப் பரப்பிக் கொடுங்கள். மாடு, ஆட்டிலும் இது நடக்கும். நடுங்கிக்கொண்டு வந்த குட்டியாக இருந்தால், உடல் சூடேறிய பிறகுதான் பால். குளிர்ந்த வயிறு செரிக்காது.

புழு, குளம்பு, பல், தோல்

'எலும்பும் தோலுமாக இருக்கிறது, புழு மருந்து கொடு' என்று முதல் நாளே சொல்பவர்கள் உண்டு. பத்து நாள், இரண்டு வாரம் பொறுங்கள். முதலில் இலத்தியில் புழு முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்த குதிரைக்கு மாக்ஸிடெக்டின் என்ற புழு மருந்தைத் தரக்கூடாது. அந்த மருந்து உடல் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும் வகை, கொழுப்பே இல்லாத உடலில் நேராக மூளைக்குப் போய்விடும். குட்டிக் குதிரையில் உருண்டைப் புழு ஏராளமாக இருந்து எல்லாம் ஒரேயடியாகச் செத்தால், செத்த புழுவே குடலை அடைத்துக் கடும் வயிற்றுவலி வரும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் விடுங்கள். உங்கள் வேலை எடையைச் சரியாகச் சொல்வது.

பாதணி முனை போல வளைந்து நிற்கும் குளம்பைப் பார்த்ததும் ஒரே நாளில் வெட்டி நேராக்கத் தோன்றும். கூடாது. அந்தக் கோணலுக்கு ஏற்றாற்போல் தசைநாரும் எலும்பும் மாதக்கணக்கில் பழகியிருக்கும். முதலில் எக்ஸ்ரே. உள்ளே எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைத்தால் ரத்தம்தான். பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும், முன்முனை முழுதும் புதிதாக ஒரு வருடம்கூட ஆகும்.

பல் அராவுவதற்கு மயக்க மருந்து வேண்டும். அதைத் தாங்கும் தெம்பு வரும்வரை தள்ளிப்போடுங்கள். அதுவரை புல்லை மென்று உருட்டித் துப்புகிறது என்றால், ஊறவைத்துக் குழைத்த குதிரைமசால் கொடுக்கலாம்.

தலைக்கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டியாக இருந்தபோது மாட்டிய கயிறு, குதிரை வளர்ந்தும் கழற்றப்படாமல் மூக்கெலும்பில் பதிந்திருப்பதைப் பார்த்தால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். தோல் அதன்மேல் வளர்ந்து மூடியிருக்கும். கிட்டப் போனால் அழுகல் வாடை வரும். நைலான் இழை ஒவ்வொன்றும் சதைக்குள் வேர் போல இருக்கும். மயக்கம் கொடுத்து, மருத்துவர் கழுவிக் கழுவி எடுக்க வேண்டிய வேலை அது. அந்தக் குதிரை பின்னாளில் குணமானாலும் முகத்தில் கை வைக்க விட நெடுநாள் ஆகும்.

புண்ணில் புழு வைத்திருந்தால் சுற்றியுள்ள ரோமத்தைக் கத்தரித்து, புழுவை எடுத்து, உப்புநீரால் கழுவுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது நெடுநாள் வழக்கம் என்பதற்காக ஊற்றாதீர்கள், நல்ல சதையும் வெந்துபோகும்.

ஒன்றின் தீவனம் இன்னொன்றுக்கு விஷம்

எல்லா விலங்கும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்களில் நடக்கும் விபத்து இது. கோழிக்கும் மாட்டுக்கும் தயாராகும் சில தீவனங்களில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். அவற்றுக்கு அது நல்லது, குதிரைக்கோ மிகச் சிறிய அளவே இதயத் தசையை அழித்துவிடும். மூட்டையின் லேபிளைப் படிக்காமல் குதிரைக் கொட்டிலில் எந்தத் தீவனமும் நுழையக்கூடாது. மாட்டுக்கான தாதுக்கலவையில் உள்ள தாமிரம் செம்மறியாட்டின் ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் திடீரென்று கொன்றுவிடும். வெள்ளாட்டுக்கோ அதே தாமிரம் தேவை. இரண்டையும் 'ஆடு' என்று ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று சாகும், இல்லை இன்னொன்று நலிந்துபோகும். காயடித்த கிடாவுக்குத் தானியம் அதிகமானால் சிறுநீரில் கல் அடைக்கும். முக்கிக்கொண்டு நிற்கும் கிடாவை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் விட்டால் போதும், சிறுநீர்ப்பை கிழிந்துவிடும்.

பண்ணையில் முட்டை குறைந்ததும் கழிக்கப்பட்ட கோழிகளின் நெஞ்செலும்பு பெரும்பாலும் முறிந்தோ வளைந்தோ இருக்கும். உயரமான ஏறுகோல் வைக்காதீர்கள். கூண்டிலேயே வாழ்ந்தவை என்பதால் மண்ணைப் பார்த்து மிரளும். இரண்டொரு நாளில் ஒன்று கிளறத் தொடங்கும், பிறகு எல்லாமே புழுதியில் புரளும்.

நம்பிக்கை

குதிரையின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட முழு வட்டமும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் இருட்டு. ஆகவே தோளைப் பார்த்து, சாய்வாக, பேசிக்கொண்டே வாருங்கள். கால்நடைகளின் நடத்தையை ஆராய்ந்த டெம்பிள் கிராண்டின் இரண்டு விஷயங்களை எல்லாருக்கும் புரியும்படி சொன்னார். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு விலகல் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் ஓடும். தோள்தான் சமநிலைப் புள்ளி, அதற்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், முன்னால் நின்றால் பின்வாங்கும். அந்த எல்லையின் விளிம்பில் நில்லுங்கள். விலங்கு காதைத் திருப்பி உங்களைப் பார்த்ததும் நீங்கள் ஒரு அடி பின்வாங்குங்கள். கிட்ட வந்தவர் திரும்பியும் போவார் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

முதலில் தொட வேண்டிய இடம் முகமல்ல, தோள்மேடு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது அங்கேதான். பிரான்சின் கமார்க் குதிரைகளை வைத்து 1993-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்த இடத்தைச் சொறிந்தபோது இதயத் துடிப்பு குறைந்தது. மேல் உதடு நீண்டு துடிக்கத் தொடங்கினால் சரியான இடத்தில் சொறிகிறீர்கள்.

காலையில் கொட்டிலுக்குப் போனதும் விலாவைப் பாருங்கள். குதிரை நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். பயம் உள்ள இடத்தில் படுக்காது, நாள்கணக்கில் உறங்காமல் நின்றே முட்டி மடங்கி விழும். ஒருநாள் அதன் விலாவிலும் பிடரியிலும் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருக்கும். எடைப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேரே அதையும் எழுதிவையுங்கள்.

வேறு கையில் ஒப்படைக்கும்போது

எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ள முடியாது. தேறிய விலங்கை நல்ல இடத்தில் சேர்த்தால்தான் அடுத்ததற்கு இடம் கிடைக்கும். ஆண் விலங்குகளைக் காயடித்த பிறகே கொடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம்: இனப்பெருக்கம் செய்யக்கூடாது, விற்கவோ கைமாற்றவோ கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் உங்களிடமே திரும்ப வர வேண்டும். பழக்கம் இல்லாதவர் 'முரட்டுக் குதிரையைப் பழக்கிக்கொள்கிறேன்' என்றால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அது உண்மையில் என்ன செய்யும், எதற்கு மிரளும், எந்தக் காலில் வலி என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஒருமுறையாவது சொல்லாமல் போய்ப் பாருங்கள். குதிரையைத் தனியாகக் கொடுக்காதீர்கள், அங்கே இன்னொரு குதிரையோ கழுதையோ இருக்க வேண்டும்.

கருணைக்கொலை பற்றிப் பேசாமல் விட முடியாது. குளம்பெலும்பு கீழே இறங்கி அடித்தோலைத் துளைத்துவிட்ட குதிரை, எழவே முடியாத மாடு, மூச்சுக்காகத் திணறும் கோழி. இவற்றுக்கு இன்னும் ஒரு வாரம் கேட்பது பல நேரம் நமக்காகத்தான். தின்கிறதா, படுத்து எழுகிறதா, பக்கத்து விலங்கை நாடுகிறதா, மருந்து இறங்கிய நேரத்தில் வலி எப்படி என்று நாள்தோறும் எழுதுங்கள். பத்து நாள் குறிப்பைப் புரட்டினால் கெட்ட நாள்கள் அதிகமா என்று தெரிந்துவிடும். அந்த முடிவை மருத்துவரோடு சேர்ந்து பகலில் எடுங்கள், நள்ளிரவு அவசரத்தில் வேண்டாம்.

விலங்கு போன பிறகு கொட்டில் காலியாக இருக்கும். முதலில் சாணம், வைக்கோல், மண் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். அழுக்கின்மேல் ஊற்றும் கிருமிநாசினி வேலை செய்யாது. சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, அதற்குப் பிறகு கிருமிநாசினி. தண்ணீர்த் தொட்டியை மறக்காதீர்கள், ஸ்ட்ராங்கிள்ஸ் கிருமி ஈரத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். மரச்சட்டங்களில் படர்தாமரை வித்துகள் அதைவிட நெடுநாள் ஒளிந்திருக்கும். வெயில் படும்படி கதவைத் திறந்து போடுங்கள். தொலைபேசி அதற்குள் அடித்தால், கொட்டில் காயும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.